தட்டுக்கு வராத தண்ணீர்

ஊற்றிய தண்ணீர் கீழே தட்டுக்கு வரவில்லை. டீச்சர் முதலில் கவனித்தது அதைத்தான்.

கூடத்து ஜன்னலோரம் உயரமான முக்காலியின் மேல் இருந்தது அந்த மணிபிளான்ட். அதற்கு எப்படித் தண்ணீர் விட வேண்டும் என்பது அவளுக்கு அத்துப்படி. விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும். மேல்மண் காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். ஊற்றினால் அரைகுறையாக ஊற்றாமல், அடித்துளை வழியாகத் தட்டில் இறங்கும்வரை ஊற்றி, தட்டில் தேங்கியதைக் கொட்டிவிட வேண்டும். கோடையில் அடிக்கடி, மழைக்காலத்தில் பார்த்துப் பார்த்து, குளிரில் செடி பாதித் தூக்கத்தில் இருக்கும் என்பதால் இன்னும் குறைத்து. பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள். இலை மஞ்சளானால் அக்கம்பக்கத்தார் தொட்டியைத் தூக்கிக்கொண்டு அவளிடம்தான் வருவார்கள். "தண்ணி இல்லாம சாகற செடி கம்மிங்க. ஊத்தி ஊத்தியே கொன்னுடறோம்" என்று சிரித்துக்கொண்டே சொல்லி அனுப்புவாள்.

அந்தக் கோடை மாலையில் குவளை காலியாகியும் தட்டு உலர்ந்தே கிடந்தது. மண்ணுக்குள் எங்கோ ஆழத்தில், குழந்தை பால் குடிப்பதுபோல, விட்டு விட்டு ஒரு மெல்லிய சத்தம். வெயில் கொளுத்துகிற கொளுத்தலில் வேர் காய்ந்திருக்கும் என்று இன்னொரு குவளை ஊற்றினாள். அதுவும் போன இடம் தெரியவில்லை.

உள்ளறையிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாப்பா... தண்ணி..."

"இப்பதானேம்மா குடிச்ச?"

கட்டில் ஒருமுறை கிரீச்சிட்டது. பிறகு, "ஓ, குடிச்சிட்டேனா? மறந்தே போச்சு."

அம்மா குடிக்கவில்லை.

பக்கவாதம் வந்து அம்மாவுக்கு ஒரு பக்கம் விளங்காமல் போன பிறகு, டீச்சரின் ஒவ்வொரு நாளும் ஈரப் படுக்கையில்தான் விடிந்தது. அம்மாவைப் புரட்டித் துடைத்து, விரிப்பை உருவி அலசிப் போட்டு, கையில் சோப்பு வாசனை போகும் முன்னே பள்ளிக்கு ஓட வேண்டும். இருட்டிய பிறகு தண்ணீர் வேண்டாம் என்றுதான் முதலில் நிறுத்தினாள். மறுநாள் விரிப்பு காய்ந்திருந்தது. அதைத் தடவிப் பார்த்தபோது அவளுக்கு அழுகையே வந்துவிட்டது, அவ்வளவு நிம்மதி. பிறகு மதியத்துக்கு மேல் வேண்டாம் என்றாயிற்று. பிறகு குவளை போய்க் கரண்டி வந்தது. கேட்டால், இப்போதுதான் குடித்தாய் என்று சொன்னால் போதும். அம்மாவுக்குத் தன் தொண்டையைவிட மகளின் வார்த்தையில் நம்பிக்கை அதிகம். உதடு வெடித்தால் டீச்சர் வாஸ்லின் தடவினாள். சோறும் மாத்திரையும் நேரம் தவறாமல் கொடுத்தாள், தலை வாரிப் பின்னிவிட்டாள். தான் செய்வதற்கு என்ன பெயர் என்று மட்டும் அவள் யோசிக்கவே இல்லை. பெயர் தெரியும் என்பதால்தான்.

தம்பி வெளியூரிலிருந்து குடும்பத்தோடு வந்துபோனான். கூடத்துச் சுவர் முழுக்கப் படர்ந்து தொங்கிய கொடியைப் பார்த்து வாய் பிளந்தான்.

"அக்கா, ஒரு செடியையே இப்படிப் பாத்துக்கற. அம்மா கொடுத்து வெச்சவங்க, போ."

டீச்சர் காபி போடுவதாகச் சொல்லிச் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் வீணாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மழைக்காலம் வந்தது. இனி மண் காய நாளாகும், செடிக்குக் குறைத்துக்கொள்ளலாம். ஆனால் காலையில் ஊற்றினால் மாலையில் மண் தூள் பறந்தது. வெளியே நாள் முழுக்க மழை, வீட்டுக்குள் காற்றே பிழிந்தால் சொட்டும்போல இருந்தது, அந்தத் தொட்டி மட்டும் பாலைவனம். ஊற்றிக்கொண்டே இருந்தாள். அதே சமயத்தில்தான் அம்மாவின் படுக்கை மறுபடி நனையத் தொடங்கியது. சொட்டுச் சொட்டாக இல்லை. விரிப்பு, அதன் கீழே ரப்பர் ஷீட், மெத்தை வரைக்கும். முகர்ந்து பார்த்தாள். மூத்திர வாடை இல்லை. நனைந்த மண்ணின் வாடை.

அம்மாவின் உதட்டில் வெடிப்பு ஆறியிருந்தது. தண்ணீர் கேட்பதையும் விட்டுவிட்டாள்.

பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் புதிதாக வரத் தொடங்கியிருந்த நர்ஸைக் கதவருகே நிறுத்தினாள் டீச்சர்.

"நான் இல்லாதப்ப அம்மாவுக்குத் தண்ணி குடுக்கறீங்களா?"

நர்ஸுக்குப் புரியவில்லை. "இல்லைங்க. கேட்டா வேணாம்னு தலைய ஆட்டிடறாங்க." பிறகு அவள் முகம் மெல்ல மாறியது. "ஏங்க, குடுக்கக் கூடாதா?"

"சேச்சே, அதில்ல... சும்மா கேட்டேன்." டீச்சரின் காது மடல்வரை சூடேறியது. நர்ஸ் செருப்பைப் போட்டுக்கொண்டு படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை டீச்சரின் முதுகில் சாப்பிடும்போதும் இருந்தது, பாடம் நடத்தும்போதும் இருந்தது.

குளிர் தொடங்கியபோது கொடியின் போக்கு அவள் கண்ணில் பட்டது. செடி என்றால் வெளிச்சத்தைத் தேடிப் போகும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் அது தெரியும். இந்தக் கொடி ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, வளரவே கூடாத குளிரில், நாளுக்கு நாள் நீண்டு, இருட்டான சுவர்ப் பக்கமாக ஊர்ந்து, அம்மாவின் அறைக் கதவுக்கு மேலிருந்த காற்றுத் துவாரத்துக்குள் நுழைந்திருந்தது. கணுதோறும் பழுப்பு நிறத்தில் வேர்கள் சுண்ணாம்பைக் கவ்விக்கொண்டிருந்தன. அவள் நாற்காலி போட்டு ஏறி, கத்தரிக்கோலால் துவாரத்தருகே கொடியை நறுக்கினாள்.

வெட்டுவாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. கசியவில்லை, கொட்டியது. மணிக்கட்டு வழியாக முழங்கைவரை ஓடிற்று. வெதுவெதுப்பாக.

உள்ளே அம்மா விசும்பினாள். "பாப்பா... தண்ணி... தண்ணி குடேன்..."

எத்தனை நாளைக்குப் பிறகு கேட்கிறாள்! டீச்சர் நாற்காலியிலிருந்து இறங்கினாள். குவளையைக்கூட எடுத்துவிட்டாள். கதவைத் தள்ளியபோது, சற்றுமுன்தான் மாற்றிய விரிப்பு தெரிந்தது. வெள்ளையாக, ஒரு சுருக்கம் இல்லாமல், காய்ந்து.

"இப்பதானேம்மா குடிச்ச" என்றாள்.

இந்த முறை அம்மா மறந்துபோச்சு என்று சொல்லவில்லை. மகளைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. பிள்ளை பொய் சொல்லி மாட்டிக்கொண்டதைப் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொள்ளும் தாய் மாதிரி, மெல்லச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எல்லாம் தெரிந்திருக்கிறது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருக்கிறது.

டீச்சர் குவளைத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றினாள். அந்தத் தண்ணீரோடு வேறெங்கே போவது என்று தெரியாமல்தான் ஊற்றினாள்.

அடுத்த நாள் வானம் மூடிக்கொண்டிருந்தது. பள்ளி விட்டு வந்தபோது நர்ஸ் கிளம்பிப் போயிருந்தாள். சாயங்காலம்தான் என்றாலும் கூடம் மங்கிக் கிடந்தது. வீடெல்லாம் ஈர மண் வாசம், கிணற்றுக்குள் குனிந்தால் வருமே, அந்த வாசம். கைப்பையை வைக்கப் போனவள் நின்றாள். நறுக்கிய இடத்தில் கொடி முழுசாக இருந்தது. தடிமனாக. விரல் அளவு. தொட்டியிலிருந்து சுவர்வரை அது இழுத்துக் கட்டிய கயிறாக விறைத்திருந்தது. உள்ளே ஏதோ ஓடுவது தெரிந்தது. தோலுக்கடியில் நாடி தெரிவதுபோல.

"அம்மா?"

ஒரு சத்தம் மட்டும் வந்தது. மடக் மடக்கென்று. யாரோ நிதானமாகத் தண்ணீர் குடிக்கிற சத்தம்.

கதவைத் திறந்தாள். விளக்கைப் போட்டாள்.

கொடி துவாரத்திலிருந்து இறங்கி, கட்டில் காலைச் சுற்றி, தலையணைமேல் ஏறியிருந்தது. அதன் நுனி தெரியவில்லை. அம்மாவின் வாயோரத்துக்குள் போயிருந்தது. அம்மாவின் தொண்டை ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. கண்கள் மூடியிருந்தன. முகத்தில் அப்படி ஒரு நிறைவு. அந்த வீட்டில் அவள் பார்த்தே இராத நிறைவு.

"ஐயோ, அம்மா!"

ஓடிப் போய்க் கொடியைப் பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னும் இழுத்தாள். அம்மாவின் கன்னம் கூடவே வந்தது. உள்ளேயிருந்து. தோலுக்கடியில் பழுப்பு வேர்கள் கிளை கிளையாகப் பிரிந்து, தாடை வழியாக, கழுத்து வழியாக, ரவிக்கைக்குள் இறங்குவது தெரிந்தது.

கையை விட்டாள்.

அம்மா கண்ணைத் திறந்தாள்.

"வந்துட்டியா பாப்பா." கொடித்தண்டைச் சுற்றிக்கொண்டு வந்த குரல். தண்ணீர் கலந்த குரல். "காலைல போனவ. நின்னுட்டே கத்திக் கத்திப் பாடம் எடுப்ப. உன் தொண்டை என்னத்துக்காகும்?"

"அம்மா, வேணாம்மா. நான் போய் டாக்டரக் கூட்டிட்டு..."

அம்மாவின் விளங்குகிற கை எழுந்தது. போர்வைக்கடியிலிருந்து இன்னொரு கொடியை எடுத்தது. வெளிறிய பச்சை. நுனியில் விரியாத இலை ஒன்று, சுருண்டு, கூராக. அதன் முனையில் ஒரு சொட்டு, விழாமல்.

டீச்சரால் நகர முடியவில்லை. பயத்தால் அல்ல. ஓடலாம்; கதவு திறந்துதான் இருந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு ஓடுவது? எதைச் சொல்லி அந்தக் கையைத் தட்டிவிடுவது? கட்டிலோரம் உட்கார்ந்தாள். ஈரம் புடவையில் ஏறியது.

"எனக்கு மட்டும் எப்படி இறங்கும், நீ குடிக்காம?" என்றாள் அம்மா.

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

மருந்து குடிக்க அடம்பிடிக்கும் குழந்தையைப் பிடிப்பதுபோல அம்மாவின் கை அவள் தாடையைத் தாங்கிக்கொண்டது. குளிர்ச்சியாக. இதமாக. சுருண்டிருந்த இலை அவள் நாக்கின்மேல் மெல்ல விரிந்தது.