நாற்பதாவது மீட்டர்

சிலேட்டைப் பிடித்திருந்தவனின் இடது கையைக் காணவில்லை.

செல்வராஜ் அந்தப் பழைய படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனான். சைட் ஆபீஸ் என்று பேர்தான். சிங்கப்பூர் சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் மூங்கில் சந்தின் வாயை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு கன்டெய்னர் பெட்டி அது. ஏர்கான் தண்ணீர் வாளியில் சொட்டும் சத்தம், பூக்கடை மல்லிகையோடு கலந்து உள்ளே வரும் தார் வாசனை, மழைக்கு முந்தைய புழுக்கம், பகல் இரண்டரை மணிக்கே மாலை ஆறு மாதிரி கறுத்துக் கிடந்த வானம்.

படத்தின் அடியில் 1926. சந்தில் முதன்முதலாகத் தார் போட்டபோது எடுத்தது. இடுப்பளவு பள்ளம், கூடைகளோடு கூலிகள், ஓரத்தில் ஒரு மாட்டுவண்டி. பள்ளத்துக்குள் நின்ற ஒருவன் மட்டும் சிலேட்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தான், வலது கையால். இடது தோள் ஒரேயடியாகச் சரிந்து, கை பள்ளத்தின் விளிம்புக்குக் கீழே இருட்டில் மறைந்திருந்தது. கனமான வாளியைத் தூக்குகிறவனின் தோள். வாளி மேலே வரவில்லை, இவனைக் கீழே இழுக்கிறது என்பதைப் போன்ற முகம்.

அடுத்த படம், 1953. அதற்கடுத்தது, 1979. சிலேட்டு பிடித்தவன் மூன்றிலும் வேறு வேறு ஆள். பின்னால் அதே வளைவு ஜன்னல் வைத்த கடைவீடு. அதே இடம். அதே தோள்.

எவனோ கம்ப்யூட்டரில் ஒட்டுப்போட்டு விளையாடியிருக்கிறான். அப்படித்தான் முதலில் நினைத்தான். மண்ணை நோண்டிப் பார்த்தும் மூட்டையை உதைத்துப் பார்த்தும் எவன் ஏமாற்றுகிறான் என்று கண்டுபிடித்தே சிங்கப்பூரில் சூப்பர்வைசராகப் பதினான்கு வருஷம் ஓட்டியவன் அவன். படங்களைக் கொடுத்தது எதிரே கண்ணாடிச் சட்டம் போடும் கடை வைத்திருக்கும் நாகூர் கனி. அடுத்த மாதம் சந்தின் மறுபாதியைத் தோண்டும்போது தகரத் தடுப்பில் பெரிதாக்கி ஒட்ட வேண்டும். "பழைய போட்டோ இருந்தா ஜனங்க நின்னு பாப்பாங்க, கம்ப்ளெயின்ட் குறையும் லா" என்பது சிங்கப்பூர்க்காரர்களைப் போல எதற்கும் 'லா' சேர்த்துப் பேசும் ஹெட் ஆபீஸ் இன்ஜினியர் ராஜீவின் யோசனை.

பிறகுதான் தன் போனைத் திறந்தான்.

இன்றைக்கும் அதே முறைதான். ரோட்டைத் தோண்டி மூடும்போது ஒவ்வொரு அடுக்குக்கும் ஒருவன் போர்டைப் பிடித்து நிற்க வேண்டும். தேதி, எத்தனையாவது மீட்டர், என்ன வேலை என்று போர்டில் எழுதியிருக்கும். அந்தப் படம் வாட்ஸ்அப் குரூப்புக்குப் போனால்தான் அடுத்த வேலை நகரும். இந்த சைட்டில் போர்டு பிடிப்பவன் பிரபாகர். தங்கை ரஞ்சிதத்தின் புருஷன், வந்து நான்கு மாதம். ரஞ்சிதத்துக்கு இது ஏழாம் மாதம். தினமும் போனில் அவள் முதலில் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "அண்ணே, அவரு பக்கத்துல இருக்காரா?"

காலையில் எடுத்த படம். நாற்பதாவது மீட்டர். பள்ளத்துக்குள் பிரபாகர், பல்லெல்லாம் தெரிய. பின்னால் வளைவு ஜன்னல்.

இடது தோள் சரிந்திருந்தது.

"மாப்ள! கொஞ்சம் வந்துட்டுப் போ!"

ஹெல்மெட்டை விசிறியாக்கிக்கொண்டு பிரபாகர் வாசலில் வந்து நின்றான். "என்ன மச்சான், என் அழகைப் பாத்து ராஜீவ் சார் மயங்கிட்டாரா?"

"காலையில போட்டோவுக்கு நின்னப்ப இடது கையை எங்க வச்சிருந்த?"

"பள்ளத்துச் சுவர்ல வேர் மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டு இருந்துச்சு. வழுக்குதேன்னு புடிச்சேன். ஐஸ் மாதிரி ஜில்லுன்னு." கையை நீட்டிக் காட்டினான். மணிக்கட்டுக்கு மேல்புறம் சிவப்பாக நான்கு கோடுகள். உள்புறம் தடிப்பாக ஒன்று. "கீறிடுச்சு போல."

நூறு வருஷமாகத் தார் மூடிக் கிடந்த சந்தில் வேர் ஏது?

"நான் கூப்பிடாம இனி அந்தப் பள்ளத்துல இறங்காத."

"நாலு மணிக்குத் தார் லாரி வருதே மச்சான்?"

"நான் கூப்பிடாம இறங்காத."

"சரி, நீங்க கூப்பிட்டாத்தான்" என்று சிரித்தபடி போனான்.

மணி மூன்றேகால். செல்வராஜ் படங்களை எடுத்துக்கொண்டு சந்தைக் கடந்தான்.

வேலை ஆரம்பித்த அன்றே கனி கேட்டது இப்போது நெருஞ்சி முள்ளாகக் குத்தியது. "போர்டு புடிக்கிற பையன் யாரு தம்பி? பேரு என்ன?" ரோட்டு வேலைக்காரன் பேரை யார் கேட்கிறார்கள்? அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் டீ. பதினோரு பேர் வேலை செய்யும் சைட்டில் பிரபாகருக்கு மட்டும் டீ. எதற்கு?

கடைக்குள் பசையும் மரத்தூளும் மணந்தன. சாமி படங்கள், அரபு எழுத்துகள், கல்யாண ஜோடிகள். ஓரமாக அடுக்கியிருந்த வெறும் கண்ணாடிகள் ஒவ்வொன்றிலும் ஒரு செல்வராஜ் நடந்து வந்தான்.

"பாய், இந்தப் படத்துல யாரு கை வச்சது?"

அறுபது வயது கனி சுத்தியலைக் கீழே வைத்தார். "யாரும் கை வைக்கல தம்பி. இது ஸ்டூடியோவா இருந்த கடை. எங்க தாத்தாவும் வாப்பாவும் கான்ட்ராக்ட்காரங்களுக்காக எடுத்த படம்."

"எல்லாம் தோண்டுறப்ப எடுத்ததாவே இருக்கு. முடிஞ்ச ரோட்டுப் படம் எங்க?"

"அது வேணாம். பாக்க நல்லா இருக்காது."

"ரோட்டுப் படத்துல நல்லா இல்லாம என்ன பாய் இருக்கப்போகுது?"

கனி சுத்தியலை மறுபடி எடுத்தார். அவர் கண் ஒரு நொடி மேஜை இழுப்பறைக்குப் போய்த் திரும்பியது. அது போதும் செல்வராஜுக்கு. கேட்காமலே இழுத்தான். பழுப்பு உறை. உள்ளே மூன்று படங்கள். 1926, 1953, 1979. வழவழவென்று புதுத் தார். ஓரத்தில் வரிசையாக வேலையாட்கள். எண்ணினான். பத்து. தோண்டும்போது எடுத்ததை எண்ணினான். பதினொன்று. மூன்று ஜோடியிலும் அதே கணக்கு.

மூன்றிலும் நடுரோட்டில் சிலேட்டு தனியாக நின்றது. பிடிக்க ஆள் இல்லை.

திருப்பினான். ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலால் ஒரு பெயர். மாரிமுத்து. அப்துல் காசிம். சந்தனம். உறைக்குள் இன்னும் ஒரு தாள் இருந்தது. படம் அச்சிடும் தாள், புதுசு. முன்பக்கம் வெறுமை.

பின்பக்கம்: பிரபாகர்.

செல்வராஜ் கனியின் சட்டையைப் பிடித்துவிட்டான். "யோவ், என்ன பண்றீங்க எங்க பையனை?"

"எழுதி வைக்கலன்னா அப்படி ஒருத்தன் இருந்ததே தெரியாமப் போயிடும் தம்பி. வாப்பா அப்படித்தான் எழுதினாங்க. தாத்தாவும்." கனியின் குரலில் கோபம் இல்லை. "வாப்பா சாகுறப்ப ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. முடிஞ்ச ரோட்டைப் படம் எடுக்குறப்ப, போர்டைப் புடிச்ச ஆளு கூடவே நிக்கணும். நின்னா ஒண்ணும் இல்ல. ஆளு இல்லாம எடுத்துட்டா..."

"எடுத்துட்டா?"

"அந்தப் படம் எடுக்குற வரைக்கும் அவனைப் பள்ளத்துப் பக்கம் நிக்க விடக்கூடாதுன்னுதான் டீயைக் குடுத்து உக்கார வச்சேன். நேத்துகூட அஞ்சு மணிக்கு இங்கதான் இருந்தான், இந்த ஸ்டூல்ல."

நேற்று ஐந்து மணிக்கு.

செல்வராஜின் கை தானாகச் சட்டையை விட்டது.

நேற்று ஐந்து மணிக்குத்தான் ராஜீவ் குரல் செய்தி அனுப்பினான்: "செல்வா, நாப்பதாவது மீட்டர் கம்ப்ளீட் போட்டோ இன்னைக்கே வேணும் லா. நாளைக்கு ரிப்போர்ட்." நாற்பதாவது மீட்டர் அப்போது பள்ளம். அதனாலென்ன? தார் போட்டு முடித்திருந்த பத்தாவது மீட்டருக்குப் போய், போர்டில் 40 என்று எழுதிப் படம் எடுத்தால் யாருக்குத் தெரியும்? தார் எங்கும் கறுப்புதான். எத்தனை முறை செய்திருக்கிறான். பிரபாகரைக் கூப்பிட்டான், டீ குடிக்கப் போயிருந்தான். சரி, ஆள் எதற்கு என்று போர்டை ஒரு பிளாஸ்டிக் போக்குவரத்துக் கூம்பின் மேல் சாய்த்து வைத்தான்.

எடுத்தான். அனுப்பினான்.

போனைத் திறந்தான். வழவழவென்று தார். தனியாக ஒரு போர்டு. கீழே ராஜீவின் பதில்: "அப்ரூவ்ட். குட் ஜாப்." அழித்தான். திரை ஒரு முறை சுற்றியது. படம் அப்படியே இருந்தது. மறுபடி அழித்தான். இருந்தது.

இன்னும் தார் போடவில்லை. நாலு மணிக்குத்தான் லாரி. அவனை நிற்க வைத்து வேறு படம் எடுத்துவிட்டால்...

வெளியே ரோலரின் உறுமல் கேட்டது.

ஓடினான். மழைக்குப் பயந்து லாரி முன்னாலேயே வந்துவிட்டிருந்தது. சந்து முழுக்க வெள்ளைப் புகை. சூடான தாரின் நெடி தொண்டையில் இறங்கியது. நாற்பதாவது மீட்டரில் பள்ளம் இல்லை. கறுப்பாக, ஈரம் மாதிரி மின்னும் புதுத் தார்.

நடுவில் போர்டு. ஒரு கூம்பின் மேல் சாய்ந்து.

"பிரபாகர் எங்க?"

ரோலர் ஓட்டும் ஜெய் மேலிருந்து குனிந்தான். "என்னண்ணே விளையாடுறீங்க? நீங்கதானே இப்பக் கூப்பிட்டீங்க."

"நானா?"

"'மாப்ள, போட்டோவுக்கு வா'ன்னு. உங்க குரல்தான். 'இந்தா வந்துட்டேன் மச்சான்'னு போர்டைத் தூக்கிட்டு ஓடினான். உங்ககிட்டதான் வந்திருக்கான்னு நினைச்சேன்."

"எந்தப் பக்கம்?"

ஜெய் கையைக் காட்டினான். காட்டிய கை பாதியில் நின்றது.

செல்வராஜ் எண்ணினான். மண்வெட்டியோடு நாலு. லாரியருகே மூணு. கயிறு பிடித்து ரெண்டு. ஜெய்.

பத்து.

முதல் மழைத்துளி தாரில் விழுந்து சீறியது. போனில் அழைப்பு. ரஞ்சிதம். இந்த நேரத்தில் அவள் அழைத்ததே இல்லை. துண்டிக்கப் போன விரல் ஈரத் திரையில் வழுக்கி அழைப்பு இணைந்துவிட்டது.

"அண்ணே? அவரு பக்கத்துல இருக்காரா?"

அவன் கண் மறுபடி போர்டுக்குப் போனது.

போர்டுக்கு அருகே, ரோலர் அப்போதுதான் ஏறி இறங்கிய இடத்தில், தார் மெல்லப் புடைத்தது. உள்ளங்கை அகலம். ஒரு விரல். இரண்டு. ஐந்தும்.

இடது கை.

அதன் மணிக்கட்டை வேறு ஐந்து விரல்கள் இறுக்கியிருந்தன.

"அண்ணே, ஏன் பேசமாட்டேங்குற?"

பின்னால் நாகூர் கனி மழையில் நின்றார். அவர் கையில் அந்தத் தாள் இருந்தது. பின்பக்கம் பென்சில் எழுத்து. முன்பக்கம் இனி வெறுமை இல்லை: வழவழவென்று புதுத் தார், நடுவில் தனியாக ஒரு போர்டு.