ஐந்தாவது அறைக்குச் சான்று

றுஷ்னா மூன்றாவது தடவையாக அந்த வரியை அழித்தாள்.

அவசரத்தில் விரல்கள் தடுமாறின. வரலாறு. மீளமை. வெளியிடு. திரை ஒரு கணம் வெளுத்து மீண்டும் நிறைந்தது. 'வெள்ளைக் கிட்டங்கியில் நான்கு அறைகள் உள்ளன.' அவள் எழுதியபடியே. நான்கு. அப்பாடா என்று கதிரையில் சாய்ந்தாள்.

பின்னேரம் நாலரைக்கு இணைய வகுப்பு. விக்கிப்பீடியாவில் கட்டுரை எழுதவும் திருத்தவும் கற்றுத்தந்த ஸுஹைப் ஸேர், எல்லோருடைய கட்டுரையையும் திரையில் போட்டுப் பார்க்கப்போகும் கடைசி நாள். இந்த நேரம் பார்த்துப் பேரில்லாத எவனோ ஒருவன் காலையிலிருந்து அவளது 'நான்கை' 'ஐந்து' ஆக்கிக்கொண்டிருந்தான். கட்டுரை ஒழுங்காக நின்றால்தான் சான்றிதழ். சான்றிதழ் இருந்தால்தான் புத்தளத்து நூலக வேலைக்கு மனுப் போடலாம். அது கிடைத்தால், நாள் முழுக்கக் காற்றின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு தனியே கிடக்கும் இந்த வாழ்க்கை முடியும்.

அறைகளை எண்ணுவதற்கு அவளுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அவள் குடியிருப்பதே அந்தக் கிட்டங்கியில்தான்.

கற்பிட்டிக் கடலுக்கும் களப்புக்கும் நடுவே, ஒரு காலத்தில் உப்பு மூட்டைகளை அடுக்கிவைத்த கட்டடம். முழங்கை நீளத் தடிப்பில் முருகைக்கல் சுவர்கள். காற்றுக் காலம் தொடங்கிவிட்டால், தென்னைகளை ஒரே பக்கம் சாய்த்துக்கொண்டு வரும் சோளகக் காற்று யன்னல் இடுக்குகளில் புகுந்து, ஓட்டுக்கூரைக்குள் உருண்டு, கூடத்திலும் குசினியிலும் மணலைத் தூவி, யாரோ வாயை மூடிக்கொண்டு முனகுவதுபோல இரவு பகலாக முனகும். எத்தனை தரம் சுண்ணாம்பு அடித்தாலும் சுவர் ஈரம் கசிந்து உப்புப் பூக்கும். கருவாட்டு வாடிகளின் வாடை அதன் மேல் வந்து படியும். எல்லாமே பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கூடத்தில் அவள் மேசைக்குப் பின்னால், சுவரோடு சுவராக நின்ற கறுத்த அலுமாரி.

அது வீட்டோடு வந்தது. சாவி கொடுத்த அன்று நளீம் ஹாஜியார் சொன்னார்: "முந்தி இருந்த புள்ள, அஸ்னா எண்டு பேர், மன்னாருக்கு உம்மா வீட்டுக்குப் போனா. திரும்பி வரல்ல. புருசன்காரனும் சாமான விட்டுட்டுப் போய்ட்டான். இந்த அலுமாரிய நாலு ஆம்புளயள் சேந்தும் அசைக்க ஏலாது. நீங்களே பாவிங்க மகள்."

அலுமாரியின் கதவு இறுக்கமானது. முழங்காலால் தள்ளித்தான் சாத்த வேண்டும். இன்று பகல் கடைக்குப் போய் வந்து, மேலே போட்டிருந்த கறுத்த அபாயாவைக் கழற்றி உள்ளே கொழுவி, அப்படித்தான் தள்ளிச் சாத்தினாள்.

திரையைப் புதுப்பித்துப் பார்த்தாள். நான்கு. இருந்தும் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. முந்தலில் இறால் பண்ணையில் வேலை செய்யும் கணவன் இனாஸுக்குப் போன் போட்டாள்.

"இஞ்சாருங்க, நம்மட வீட்டுல எத்தின அறை?"

"ஏன் புள்ள, ஹாஜியார் வாடகையக் கூட்டிட்டாரா?"

"பகிடிய விட்டுட்டுச் சொல்லுங்க."

"நாலு. அஞ்சாவது ஒண்டு இருந்தா, ஒங்கட உம்மா வந்து நிக்கிற நேரம் நான் அதுக்குள்ள ஒளிச்சிருப்பனே."

"போங்க அங்கால." சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "கெதியா வாங்களேன்."

"மோட்டர் ஒண்டு பழுது. பொழுதுபட, மஃரிபுக்கு வந்துருவன்."

வகுப்பில் அவளது கட்டுரை திரைக்கு வந்தபோது, எல்லோர் முன்னிலையிலும் 'ஐந்து' என்றிருந்தது.

"ஹாஜியார் ஒரு அறைய ஒளிச்சு வெச்சிருக்கார் போல, தங்கச்சி!" என்றார் மதுரங்குளி ஜௌபர் நாநா. கூடப் படிக்கும் இளைப்பாறிய தபாலதிபர். பத்துச் சதுரங்களிலும் பற்கள் தெரிந்தன.

"ஸேர், நான் இதுக்குள்ளதான் இருக்கன். கண்ணால பாக்கிறன். நாலுதான்."

ஸுஹைப் ஸேர் சிரிக்கவில்லை. "றுஷ்னா, நீங்க கண்ணால கண்டது விக்கியில சான்று இல்ல. அது அவருக்கும் பொருந்தும். மூணு தரம் மீளமைச்சிட்டீங்க. இன்னொருக்காச் செஞ்சா ஒங்களத்தான் தடுப்பாங்க. உரையாடல் பக்கத்துல கேளுங்க. சான்று கேளுங்க. சான்று கேட்டா இப்புடியான ஆக்கள் ஓடிருவாங்க."

வகுப்பு முடிந்ததும் உரையாடல் பக்கத்தைத் திறந்தாள். 'ஐந்தாவது அறை எங்கே இருக்கிறது? சான்று தருக.' வெளியிட்டாள்.

தன் கேள்வியின் கீழே பார்த்தாள். அவள் பெயர் இல்லை. நீண்டதோர் எண் நின்றது.

ச்சீ. பகல் கரண்ட் போய் வந்ததில் கணினி அவளை வெளியே தள்ளியிருந்தது. மறுபடி பெயரும் கடவுச்சொல்லும் கொடுக்க மறந்துவிட்டாள். புகுபதியாமல் எழுதினால் பேருக்குப் பதில் இணைய இணைப்பின் எண் பதிவாகும் என்று ஸேர் முதல் பாடத்திலேயே சொன்னதுதான். புதிதாகப் படிப்பவர்கள் எல்லோரும் விடும் பிழை.

உதட்டைக் கடித்துக்கொண்டு கட்டுரையின் வரலாற்றைத் திறந்தாள். 'ஐந்து' என்று மாற்றியவனின் எண்ணைப் பார்த்தாள். திரும்பவும் தன் எண்ணைப் பார்த்தாள்.

203இல் தொடங்கி 47இல் முடிந்தது.

இரண்டுமே.

இலக்கம் இலக்கமாக, திரையில் விரல் வைத்து ஒப்பிட்டாள். ஒரே எண். ஒரே இணைப்பு. காலையிலிருந்து வந்த அத்தனை மாற்றமும் இந்த வீட்டின் ரவுட்டரிலிருந்து, அதோ மூலையில் பச்சை லைட்டோடு மினுங்கிக்கொண்டிருக்கும் பெட்டியிலிருந்து போயிருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பொடியன்மார் யாராவது கடவுச்சொல்லைக் களவெடுத்திருப்பார்களோ? எந்தப் பக்கத்து வீடு? இந்தப் பக்கம் உப்பளம். அந்தப் பக்கம் சவுக்கந்தோப்பு.

எழுந்தாள். கதவுகளைப் பார்த்தாள். முன்கதவு தாழ். பின்கதவு தாழ். நான்கு அறைகளிலும் லைட்டைப் போட்டாள். கட்டிலுக்கடியில் குனிந்தாள். குசினி வாளியைக்கூடத் தூக்கிப் பார்த்தாள். அலுமாரிக் கதவு இறுகச் சாத்தியபடியே இருந்தது. யாருமில்லை. காற்று மட்டும் முனகியது. இன்று அந்த முனகல் கூரையிலிருந்து வரவில்லை என்று பட்டது. கீழிருந்து வந்தது. சுவருக்குள்ளிருந்து. உப்பு வாடை கூடியிருந்தது. ஈர உப்பு. நாட்கணக்கில் மூடிக்கிடந்த உப்பு.

ரவுட்டரின் வயரைப் பிடுங்கினாள். பச்சை லைட் செத்தது.

போனில் டேட்டாவைப் போட்டு, தன் பெயரில் புகுபதிந்து, கட்டுரையைத் திறந்தாள்.

புதிய வரி. ஒரு நிமிடத்துக்கு முன். அதே எண்.

'ஐந்தாவது அறைக்கு யன்னல் இல்லை. தற்போது அதில் ஒருவர் வசிக்கிறார்.'

கையில் வயரின் முனை தொங்கிக்கொண்டிருந்தது.

போன் அதிர்ந்தது. ஸுஹைப் ஸேர்.

"றுஷ்னா, ஒரு விசயம். இதே கட்டடத்தப் பத்தி முந்தியும் ஒரு கட்டுரை இருந்து அழிச்சிருக்கு. நிருவாகிமாருக்கு மட்டுந்தான் அது தெரியும், நானும் ஒரு நிருவாகி. இப்பதான் எடுத்துப் பாத்தன். போன வகுப்புத் தொகுதியில படிச்ச ஒரு புள்ள எழுதினது."

"யார் ஸேர்?"

"முகம் ஞாபகமில்ல. கடைசி வகுப்புக்கு வரல்ல. அதுக்குப் பொறகு விக்கியில அவட பதிவு ஒண்டுமே இல்ல. கடைசியா உரையாடல் பக்கத்துல ஒரு வரி எழுதியிருக்கா…"

"என்ன வரி? ஸேர்? அவட பேர் என்ன?"

"பொறுங்க, திறக்கிறன். பேர் வந்து…"

காற்று அறைந்தது. கரகரப்பு. பிறகு ஒன்றுமில்லை. சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக விழுந்து, ஒன்றே ஒன்று மிஞ்சியது.

போக வேண்டும். இப்போதே. றோட்டுக்குப் போய் நின்றால் போதும், இனாஸ் வரும் நேரம்தான். முன்கதவை நோக்கி ஓடினாள். தாழில் கை வைத்தாள். நின்றாள்.

வீட்டுச் சட்டையோடு நின்றாள். தலையில் துணியில்லை. அபாயா அலுமாரிக்குள்.

இப்படியே போ, என்றது உள்ளே ஒரு குரல். இப்படியே ஓடு. ஆனால் இத்தனை வருடத்துப் பழக்கம் காலைப் பிடித்தது. ஒரு விநாடி. ஒரே ஒரு விநாடி.

பின்னால் மெல்லிய சத்தம். மரத்தோடு மரம் உரசும் சத்தம்.

முழங்காலால் தள்ளிச் சாத்திய கதவு. காற்றுக்குத் திறக்காத கதவு.

அவள் திரும்பவில்லை.

கையில் போன் ஒருமுறை அதிர்ந்தது. கவனிப்புப் பட்டியலில் இருந்த பக்கம் மாறியிருக்கிறது. உரையாடல் பக்கம். அவள் கேள்விக்குப் பதில்.

'சான்று: படிமம்.'

படம் மேலிருந்து கீழாக, துண்டு துண்டாக இறங்கியது. முதலில் கூரைச் சலாகை. பிறகு முன்கதவு. பிறகு கதவின் தாழ். தாழில் ஒரு கை. வீட்டுச் சட்டை போட்ட ஒரு பெண்ணின் முதுகு. அவிழ்ந்த கொண்டை.

அவள் முதுகு.

படத்தின் இரண்டு ஓரங்களிலும் கறுப்பு. கமராவுக்கு மிகக் கிட்டத்தில் தொங்கும் துணி. வலப்பக்கத்துக் கறுப்பில் மங்கலாக ஒரு வரிசை மினுக்கம். சின்னச் சின்ன வெள்ளிக் கற்கள். பெருநாளைக்கு இனாஸ் வாங்கிக் கொடுத்த அபாயாவின் கைக்கரை.

வெளியே மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. "றுஷ்னா!" இனாஸின் குரல். "கதவத் திற புள்ள. மணல் கண்ணுக்குள்ள அடிக்குது."

தாழில் இருந்த கை அசையவில்லை.

படத்தின் கீழ் மூன்று வரிகள்.

'மூலம்: சொந்தப் படைப்பு.'

'நாள்: இன்று.'

'ஆக்கியவர்: அஸ்னா.'

அதற்கும் கீழே, எழுத்து எழுத்தாக, அவள் கண் முன்னாலேயே இன்னொரு வரி வளர்ந்தது.

'நானும் சான்று கேட்டேன்.'

"றுஷ்னா! உள்ளுக்கா இருக்கிறா?" கதவு அவள் உள்ளங்கையில் குலுங்கியது.

ஈர உப்பின் வாடை தோளுக்கு மேலால் வந்தது. அதன் பின்னால் கறுப்புத் துணி வந்தது, வெள்ளிக் கற்கள் மினுங்க. கைப்பகுதி வெறுமையாக இல்லை. உப்புப் பூத்த ஒரு விரல் அதிலிருந்து நீண்டு, அவள் கையிலிருந்த போனைத் தொட்டு, கட்டுரைக்குப் போய், 'ஒருவர்' என்றிருந்ததை நிதானமாக அழித்தது.

'இருவர்.'

வெளியிடு.