எந்திரம் சுற்றி முடிக்கவில்லை!

"சுசீலா...!"

ஸ்கேன் அறைக்குள் இருந்து வந்த அலறலில், வைதேகியின் கையில் இருந்த கோப்பிக் குவளை தரைக்குப் போனது.

கதவு படீரென்று திறந்தது. வெளியே ஓடி வந்தவன் நடேசன். அந்தத் தனியார் மருத்துவமனையின் சீனியர் ரேடியோகிராஃபர். உள்ளே மேசையில் கிடப்பவளின் புருஷன். வைதேகிக்கு அத்தான்.

"அக்காவுக்கு என்ன அத்தான்?"

"ஸ்கேன் ஓடிட்டு இருந்துச்சு... திடீர்னு கண்ணு சொருகிருச்சு! நான் மெஷின நிறுத்திட்டேன்... டாக்டர்! டாக்டர்!"

டாக்டர்கள் ஓடினார்கள். நெஞ்சை அமுக்கினார்கள். ஷாக் கொடுத்தார்கள்.

பலன் பூஜ்யம்!

சுசீலாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இதயம் பலவீனம். நெஞ்சு வலி என்று கொண்டு வந்திருந்தான் நடேசன். 'என் பொண்டாட்டி டாக்டர், நானே எடுக்கறேன்' என்று கெஞ்சி, ஸ்கேன் எந்திரத்தின் முன்னால் அவனே உட்கார்ந்திருந்தான். இதயம் நின்றுவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட டாக்டருக்கு ஒரு தயக்கமும் இல்லை.

நடேசனின் ஆங் மோ கியோ வீட்டில் உடம்பைக் குளிப்பாட்டியபோதுதான் வைதேகி அதைப் பார்த்தாள்.

அக்காவின் கழுத்தில் தாலி!

வைதேகி தேம்பிவிட்டாள். காரணம் இருந்தது. போன வாரம்தான் சுசீலா வைதேகியின் கட்டிலில் உட்கார்ந்து வெறும் கழுத்தைத் தடவிக் காட்டியிருந்தாள்.

"கழட்டி டிராயர்ல போட்டுட்டு வந்துட்டேன்டி. டிவோர்ஸ்தான். இனிமே அவன்கிட்ட அடி வாங்க முடியாது."

யாரிடமும் சொல்லாதே என்று சத்தியம் வேறு வாங்கியிருந்தாள். இப்போது தாலி திரும்ப ஏறியிருக்கிறது. அப்படியென்றால் இரண்டு பேரும் சமாதானம் ஆகிவிட்டார்கள் போல... சாகும்போதாவது சந்தோஷமாகச் செத்தாளே என்று அந்தப் பைத்தியக்காரத் தங்கை ஆறுதல் பட்டுக்கொண்டாள்.

இடது மார்புக்குக் கீழே கடுகளவு ஒரு சிவப்புப் புள்ளியும் இருந்தது. ஆஸ்பத்திரி ஊசியாக இருக்கும் என்று அதன்மேல் மஞ்சளைப் பூசிவிட்டாள்.

மண்டாய் தகனக்கூடத்தில் நெருப்பு தன் வேலையை முடித்தது. மறுநாளே சாம்பலைக் கடலில் கரைத்துவிட்டான் நடேசன். ரொம்பத்தான் அவசரம்!

தேக்கா சந்தையில் தற்செயலாக அந்த ஆஸ்பத்திரி நர்ஸ் ருக்சாரைப் பார்க்காமல் இருந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

"அக்காவுக்கு நெஞ்சுல ஊசி போட்டீங்கல்ல, சிஸ்டர்... ரொம்ப வலிச்சிருக்குமா?"

ருக்சார் விழித்தாள்.

"நெஞ்சுலயா? இல்லயேக்கா. கையில மட்டும்தான் போட்டோம்."

வைதேகி வாங்கிய கத்திரிக்காய் பையோடு கீழே விழுந்தது.

* * *

"இதான் மேடம், நீங்க கேட்ட ரா டேட்டா. மெஷின் எடுத்த எக்ஸ்ரே அப்படியே இருக்கு."

வைதேகியின் புகாரை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் சுஹைப் ஒரு டிரைவை மேசையில் வைத்தார். கடையநல்லூர் வம்சாவளி. பேச்சு மென்மை, பார்வை அப்படி இல்லை.

வைதேகி பல்கலைக்கழகத்தில் இந்த வேலையைத்தான் செய்கிறாள். எக்ஸ்ரே எடுத்த நிழல்களைக் கணக்குப் போட்டு, உடம்புக்குள் இருப்பதை முழுப் படமாக்குகிற வேலை. நிழல்கள் குறைவாக இருந்தால் இன்னும் தலைவலி. அந்தத் தலைவலிக்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

"ஆஸ்பத்திரியில படம் ஒண்ணும் வரலன்னு சொன்னாங்களே?" என்றார் சுஹைப்.

"மெஷினோட கை நெஞ்சுக்கு நேர் மேல ஆரம்பிச்சு, உடம்பச் சுத்தி அரை வட்டம் போகணும், சார். வழியெல்லாம் எக்ஸ்ரே எடுத்துக்கிட்டே போகும். இங்க கை கொஞ்சமா சாஞ்சதுமே அத்தான் பட்டன அமுக்கிட்டாரு. மத்த பக்கமெல்லாம் காலி."

"காலியா இருக்கறத எப்படி நிரப்புவீங்க?"

"கணக்குத்தான் சார். இருக்கற நிழலோட பொருந்தற மாதிரி ஒரு படத்த கம்ப்யூட்டர் தேடும்."

விசையைத் தட்டினாள்.

திரையில் சாம்பல் புகை... விலா எலும்புகள்... பிசிறு பிசிறாக இதயம்...

இதயத்தின் குறுக்கே, பளிச்சென்று ஒரு வெள்ளைக் கோடு!

"மேடம்... அது?"

"உலோகம் சார்." திரையில் அந்தக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "ஊசி! எங்கக்கா நெஞ்சுக்குள்ள ஊசிய எறக்கியிருக்கான், சார்!"

சுஹைப் அடுத்த நிமிடமே போனை எடுத்தார்.

* * *

இரண்டே நாளில் திரும்பி வந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"நடேசன் சிரிக்கறான், மேடம்."

"என்ன சொல்றான்?"

"அது ஊசி இல்லயாம். தாலிக் கொடியில மாட்டியிருந்த ஊக்காம்!"

ஊக்கு! தாலியில் ஊக்கு கோத்து வைக்காத தமிழச்சி யார்? சேலைக்கு உதவும், அவசரத்துக்கு ஆகும்.

"ஸ்கேன் மேசையில தாலிய விடவே மாட்டாங்களே, சார்? உலோகம் கூடாதுன்னு ரூல் இருக்கே!"

"ருக்சார்கிட்ட கேட்டேன். கழட்டப் போனாங்களாம். நடேசன் கையெடுத்துக் கும்பிட்டு, 'நான் உயிரோட இருக்கும்போது கழட்டாதீங்க சிஸ்டர்'னு அழுதிருக்கான். அந்தப் பொண்ணு கழுத்துலயும் தாலி மாதிரி கருகமணி கெடக்குல்ல... மனசு கேக்கல. விட்டுருச்சு. வேற இனத்து நர்ஸா இருந்தா ரூல்தான் முக்கியம்னு கழட்டியிருப்பாங்க. ஊக்கு நெஞ்சு மேல குறுக்கால கெடந்தத ருக்சார் தெளிவா பாத்திருக்கு."

"அக்கா தாலிய கழட்டிட்டா, சார்! டிவோர்ஸ் பண்ணப் போறேன்னு என்கிட்ட சொன்னா!"

"யாருக்குத் தெரியும்? உங்களுக்கு மட்டும். ஆனா செத்தப்ப கழுத்துல தாலி இருந்துச்சு. அதப் பாத்த சாட்சில நீங்களும் ஒருத்தர்!"

அந்தத் தாலிக்காக அழுதது அவளேதான்.

சுஹைப் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன், மேடம். உண்மையச் சொல்லுங்க. அந்தக் கோடு நெஞ்சுக்கு உள்ள இல்லாம, நெஞ்சுக்கு மேல இருந்தாலும் அந்த நிழலோட பொருந்துமா?"

அவள் பொய் சொல்லியிருக்கலாம். படிப்பு விடவில்லை.

உலோகத்தை நெஞ்சுக்கு வெளியே வைத்து மறுபடி கணக்குப் போட்டாள். இரண்டாவது படம் வந்தது. ஊசி இல்லாத இதயம், மேலே ஓர் ஊக்கு.

அதுவும் பொருந்தியது!

"மேல இருந்து மட்டும் பாத்தா ஆழம் தெரியாது, சார். பக்கவாட்டுல ஒரே ஒரு எக்ஸ்ரே இருந்திருந்தா போதும்..."

"இல்லயே!"

"இருங்க... இதப் பாருங்க, சார். கடைசியா எடுத்த சில எக்ஸ்ரே." அவசரமாக வரிசையாக ஓட்டினாள். "மெஷின் சாயச் சாய ஊக்கோட நிழல் நீளம் குறையணும். இங்க கூடுது! ஊக்கு வளருமா, சார்?"

"அப்படின்னா?"

"ரெண்டு உலோகம்! ஊக்கு மேல, ஊசி உள்ள. மேல இருந்து பாக்கறப்ப ரெண்டு நிழலும் ஒண்ணு மேல ஒண்ணு. மெஷின் சாஞ்சதும் ஒரு நிழல் வெளிய நழுவ ஆரம்பிச்சிருக்கு. அந்த நேரம் பாத்து நிறுத்தியிருக்கான்!"

சுஹைப் அந்த எக்ஸ்ரேக்களை இன்னொரு தடவை ஓட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டார்.

"நான் நம்பறேன், மேடம். ஆனா அவன் வக்கீல் என்ன சொல்வாரு? சாகப்போற உடம்பு துடிச்சுது, படம் கலங்கிருச்சும்பாரு. நீங்க செத்தவளோட தங்கச்சிம்பாரு. உடம்பு இல்ல, சாம்பல் கடல்ல. ரெண்டு படமும் பொருந்துதுன்னு நீங்களே சொல்றீங்க. சந்தேகம் இருந்தா பலன் அவனுக்குத்தான். கேஸ் நிக்காது லா!"

நிற்கவில்லை.

* * *

ஞாயிற்றுக்கிழமை. ரோவல் ரோடு அடுக்குமாடி புளோக்கில் வைதேகியின் வீட்டு ஜன்னலுக்குக் கீழே லிட்டில் இந்தியா பொங்கி வழிந்தது. துவாஸ் தொழிலாளர் விடுதிகளில் இருந்து பஸ் பஸ்ஸாக வந்து இறங்கிய ஊர்க்காரர்களின் சிரிப்பும் சத்தமும் மேலே வரைக்கும் கேட்டது.

அழைப்பு மணி.

நடேசன்! இஸ்திரி போட்ட சட்டை. மழுமழு முகம்.

"சுசீலா சூட்கேஸ் இங்கதான இருக்கு? எடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன். கேஸ மூடிட்டாங்களாமே?"

"ஆமாத்தான். உக்காருங்க. டீ போடறேன்."

"கோவம் இல்லயா?"

"கோவப்பட்டு என்ன ஆகப்போகுது?"

அது நடிப்பு இல்லை. அவளுக்குள் எல்லாம் வற்றிப் போயிருந்தது. இஞ்சி தட்டினாள். பாலை ஊற்றினாள். இரண்டு கோப்பையைக் கொண்டு வந்து வைத்தாள்.

"எனக்கு மட்டும் சொல்லுங்கத்தான். எப்படிச் செத்தா?"

நடேசன் அவள் போனை எடுத்து அணைத்துத் தள்ளி வைத்தான். ஒரு வாய் உறிஞ்சினான். ஜெயித்தவனுக்குச் சொல்லிக் காட்ட ஓர் ஆள் வேண்டியிருக்கிறதே!

"பாஸ்போர்ட் எடுக்க வந்தா. கடைசியா ஒரு டீ குடிச்சிட்டுப் போன்னேன். தூக்க மாத்திரை கலந்த டீ. தூங்கினா. நீள ஊசி ஒண்ண நெஞ்சுக்குள்ள முழுசா ஏத்தினேன். அப்படியே போயிருவான்னு பாத்தா, முழிச்சிட்டுக் கத்தறா! பக்கத்து வீட்டுக்காரர் காரோட வந்துட்டாரு. வேற வழி? என் ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோனேன். டாக்டர் ஸ்கேன் கேப்பாருன்னு தெரியும். அரை மயக்கத்துல இருந்தவளுக்கு டிராயர்ல கெடந்த தாலிய எடுத்து மாட்டினேன், ஊக்கோட! ஸ்கேன் மேசையில அந்த ஊக்க ஊசிக்கு நேர் மேல நகர்த்தி வெச்சேன். ஒரே பொண்ணுக்கு ரெண்டு தடவ தாலி கட்டினவன் நான்தான்!"

சிரித்தான்.

"எல்லாம் உன் யோசனைதான், வைதேகி."

"என்... என் யோசனையா?"

"போன தீபாவளிக்குக் குச்சியில குத்திச் சுட்ட சத்தே கறி சாப்பிட்டோமே, மறந்துட்டியா? ரெண்டு குச்சிய லைட்டுக்கு நேரா புடிச்சு, சுவத்துல ஒரே நிழலாக் காட்டின. 'ஒரு பக்கம் மட்டும் பாத்தா முன்னாடி எது, பின்னாடி எதுன்னு எந்தக் கம்ப்யூட்டருக்கும் தெரியாது அத்தான்'ன. நல்லாப் பாடம் எடுத்த!"

வைதேகிக்கு அந்தத் தீபாவளி ஞாபகம் வந்தது. அக்கா அன்றைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கை தட்டினாளே... 'என் தங்கச்சி மூளையப் பாத்தீங்களா?' என்று பெருமையடித்தாளே...

நடேசன் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்துவிட்டு, கோப்பையைக் கீழே வைத்தான்.

வைதேகி வெறித்துப் பார்த்தாள். அவள் கோப்பை அப்படியே இருந்தது. அவள் தொடவே இல்லை.

"அக்கா குடிச்ச மாதிரியே குடிச்சிட்டீங்கத்தான்."

சூட்கேஸைத் தூக்கிய கை அந்தரத்தில் நின்றது.

"என்ன... என்ன சொல்ற?"

"டீ இனிப்பா இருந்துச்சா?"

"என்னடி போட்ட இதுல?"

"சீனியா இருக்கலாம். வேற ஏதாவதாவும் இருக்கலாம்." நிதானமாகச் சொன்னாள். "ரெண்டு படமும் பொருந்துதுத்தான்!"

நடேசனின் முகம் சுண்ணாம்பானது. சூட்கேஸ் டமாரென்று விழுந்தது. தொண்டைக்குள் விரலை விட்டபடி லிஃப்டுக்கு ஓடினான். லிஃப்ட் வரவில்லை. படிக்கட்டில் உருண்டான்.

வைதேகி கதவைச் சாத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

உண்மையைச் சொல்லிவிடுவோம். அந்த டீயில் இருந்தது தேயிலை, பால், இஞ்சி, சீனி. அவ்வளவுதான்! விஷம் வைக்கிற தைரியம் அவளுக்கு ஏழு ஜென்மத்திலும் வராது. இன்று ராத்திரி அவன் வீட்டுக்குப் போவான். நாளைக்கு வேலைக்கும் போவான். கடலில் கரைந்தவள் வரமாட்டாள். இந்த ஒரு சாயங்காலப் பயம்தான் அக்காவுக்கு அவளால் வாங்கித் தர முடிந்த மொத்த நியாயம்.

அவிழ்ந்து கிடந்த சூட்கேஸில் இருந்து அக்காவின் சேலையை எடுத்து முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். போதுமான மட்டும் அழுதுவிட்டுப் போனைத் திறந்தாள்.

உடனே அலறியது.

"வைதேகி! எமர்ஜென்சில இருக்கேன்! என்ன போட்டன்னு டாக்டர் கேக்கறாரு... ரத்தத்துல ஒண்ணும் தெரியலயாம்... எனக்கு நெஞ்சு படபடங்குது! கெஞ்சிக் கேக்கறேன், சொல்லிரு!"

வைதேகி மூக்கை உறிஞ்சினாள்.

"முழுசா ஒரு ஸ்கேன் எடுக்கச் சொல்லுங்கத்தான்... பட்டன மட்டும் வேற யாராவது அமுக்கட்டும்!"