ஆறாவது மாவிலை

நஸ்ஹாவின் வாப்பா மஜீட் கெட்டிக்காரத் தச்சர். உளியை எடுத்தால் மரத்தில் பூ பூக்கும். கணினி மவுஸை எடுத்தாலோ அது மேசையை விட்டுக் கீழே விழும். அதனால் ஓட்டமாவடியில் அவர்கள் வீட்டில் ஓர் ஏற்பாடு இருந்தது. எதை வரைவது என்று வாப்பா சொல்வார். பதினொரு வயது நஸ்ஹா அதைக் கணினியில் வரைவாள்.

வரைந்ததை மரத்தில் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஏறாவூரில், அசனார் மாமாவின் பட்டறையில் இருந்தது. அங்கே எப்போதும் வேலை நெருக்கடி.

"வியாழக்கிழமை காலையில வாங்க. வரைஞ்சு முடிச்சிட்டு வாங்க. இங்க வந்து மூளையைக் கசக்க நேரமில்ல" என்று மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இம்முறை செதுக்கப்போவது மாங்கேணி கோணாமலை அண்ணனின் புது வீட்டு வாசல் கதவு. கடல் ஊருக்குள் புகுந்த அன்று வாப்பா மீன் வாங்க மாங்கேணிக்குப் போயிருந்தார். அவரைச் சட்டைக் கொலரில் பிடித்துத் தோணிக்குள் இழுத்துப் போட்டவர் கோணாமலைதான். பிறகு சண்டை வந்தது. அவர் குடும்பம் முகாம் முகாமாக அலைந்தது. சண்டையெல்லாம் ஓய்ந்து, இப்போதுதான் சொந்தக் காணியில் ஒரு கல்வீடு எழும்பியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பால் காய்ச்சிக் குடிபூரப் போகிறார்கள்.

"கதவு என்ட பொறுப்பு" என்று வாப்பா சொல்லியிருந்தார். எங்கெங்கோ அலைந்து ஒரு முதிரைப் பலகையும் கொண்டுவந்துவிட்டார்.

"வேற பலகை இல்ல புள்ள. மெஷின்ட வெட்டுற பிட் மரத்தில இறங்கினா இறங்கினதுதான். பிழைச்சாத் திருத்த ஏலா" என்றார். "நிறைகுடம் வரை. கலியாண வீட்டு வாசல்ல வைப்பாங்களே, குடம், மாவிலை, மேல தேங்காய். அதுதான்."

நஸ்ஹா குடத்தின் ஒரு பாதியை மட்டும் வரைந்தாள். பக்கத்தில் மூன்று மாவிலைகள். மறுபாதியைத் திருப்பிப் போடச் சொன்னதும் கணினி அப்படியே போட்டுவிட்டது. பிட் எப்படிச் செதுக்கும் என்பதைத் திரையிலேயே ஓட்டிக் காட்டினாள்.

"மாஷா அல்லாஹ், என்ன அழகு" என்றார் வாப்பா.

நஸ்ஹாவுக்கு மனம் ஆறவில்லை. "அழகா இரிக்கி வாப்பா. சரியா இரிக்கா? நம்மட வீட்டில நாம குடம் வைச்சதே இல்லையே. புஸ்பம் மாமியிட்டக் கேப்பமா?"

புஸ்பம் மாமி கோணாமலையின் மனைவி.

"கேக்கப்படாது. வெறுங்கதவு எண்டுதான் சொல்லி வைச்சிரிக்கன். கேட்டா அவவுக்கு விளங்கிரும்."

மறுநாள் வாப்பா கதவு நிலையைக் கடைசியாக ஒருமுறை அளக்கப் போனார். நஸ்ஹாவும் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டாள். புஸ்பம் மாமி முற்றம் கூட்டிக்கொண்டிருந்தார்.

"மாமி, குடிபூரலுக்கு வாசல்ல என்னெல்லாம் வைப்பீங்க? நான் கிட்ட நிண்டு பாத்ததே இல்ல."

மாமிக்கு ஒரே சந்தோசம். விளக்குமாறை அப்படியே போட்டுவிட்டார். "வா கா, வைச்சுக் காட்டுறன். ஓடிப்போய் மாவிலை பறிச்சிட்டு வா."

நஸ்ஹா கணினியில் வரைந்தபடியே ஆறு இலைகளைப் பறித்துவந்தாள். மாமி குடத்தில் தண்ணீர் நிரப்பி, இலைகளைச் செருகி, தேங்காயை வைத்தார். ஓர் இலை மிஞ்சியது. அதை ஓரமாகப் போட்டார்.

"ஏன் மாமி அத விட்டிட்டீங்க?"

"ஒற்றையாத்தான் வைக்கிற மகள். அஞ்சு, இல்லாட்டி ஏழு. நல்ல காரியத்துக்கு நாங்க இரட்டையா வைக்கிறல்ல."

நஸ்ஹா கணினியில் வரைந்ததோ ஆறு. வாயைத் திறந்தால் கதவின் கதை வெளியே வந்துவிடும். "நல்லது மாமி" என்று மட்டும் சொல்லிவிட்டு வாப்பாவிடம் ஓடினாள்.

"வாப்பா, ஆறு பிழை" என்றாள் காதுக்குள். வாப்பா கையிலிருந்த அளவு நாடா சுர்ரென்று சுருண்டுகொண்டது.

வீட்டுக்கு வந்ததும் கணினியின் முன் உட்கார்ந்தாள். கணினி அடம்பிடித்தது. ஒரு பக்கம் ஓர் இலையை எடுத்தால் மறுபக்கமும் ஒன்று போனது. ஆறு இருந்த இடத்தில் நாலு நின்றது. கொஞ்ச நேரம் யோசித்த நஸ்ஹா, குடத்தின் நட்டநடுவில் ஓர் இலையைத் தனியாக நிமிர்த்தி வைத்தாள். திரும்பவும் திரையில் ஓட்டிப் பார்த்தாள். ஐந்து. முன்னைவிட வடிவாகவும் இருந்தது.

வியாழக்கிழமை அசனார் மாமா பென்டிரைவை வாங்கி மெஷினில் செருகினார். "விடலாமா?"

"விடுங்க மாமா" என்றாள் நஸ்ஹா. சொல்லிவிட்டுக் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். அவள் கண்ணைத் திறந்தபோது, மரத்தூளை ஊதி ஊதி வாப்பா சிரித்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை விடிய, வாசலில் பொருத்திய கதவை மூடியிருந்த துணியை வாப்பா விலக்கினார். புஸ்பம் மாமி கிட்டே வந்தார். விரலால் இலைகளை ஒவ்வொன்றாகத் தொட்டார். ஐந்தாவது இலையில் விரல் நின்றது. மெதுவாகத் திரும்பி நஸ்ஹாவைப் பார்த்தார்.

"இதுக்கா மகள் அண்டைக்குக் கேட்டு வந்த நீ?" என்று அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

கோணாமலை வாப்பாவின் பக்கம் திரும்பினார். "மஜீட் காக்கா, வெறுங்கதவு எண்டு சொன்னீங்க."

"நான் இண்டைக்கு இரிக்கன் எண்டா உங்கட கையாலதான் அண்ணன். வெறுங்கதவு தர மனம் வருமா?" என்றார் வாப்பா.

பால் பொங்கியது. எல்லோரும் முற்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது கதவு மெல்லச் சாத்தப்பட்டது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பிறகு திறக்கும் சத்தம். திரும்பவும் பூட்டும் சத்தம்.

"முகாமில இவ்வளவு வருசமும் சேலைத் துண்டுதான் எங்களுக்குக் கதவு" என்று கோணாமலை மெதுவாகச் சொன்னார். பிறகு கதவைத் தட்டினார். "புஸ்பம், எங்களையும் கொஞ்சம் உள்ள விடன்."

உள்ளிருந்து மாமியின் சிரிப்புக் கேட்டது.

"பொறுங்க. இன்னொருக்காப் பூட்டிப் பாத்திட்டுத் திறக்கிறன்."