செருப்புக்கடை ஸ்டூல்கள்

கடைத்தெருவில் அவளுக்கு லொடலொடா என்று பெயர். வாயை மூடவே மாட்டாள் என்று டீக்கடைக்காரர் வைத்த பெயர். சரியான பெயர்தான். ஆனால் இப்போது அவளுக்குப் பேச ஆள்தான் இல்லை.

இருபது கடைகளில் பதினாறு மூடிக் கிடந்தன. திறந்திருந்த நான்கில் ஒன்று அவள் அப்பாவின் செருப்புக்கடை. எதிரே இருந்த பேனாக்கடையையும் போன மாதம் மூடிவிட்டார்கள். அந்தக் கடைக்காரரின் மகள்தான் லொடலொடாவின் ஒரே தோழி. இப்போது அவள் வேறு ஊரில் இருக்கிறாள்.

பள்ளி விட்டு வந்ததும் லொடலொடா பேனாக்கடை ஷட்டரை இரண்டு தட்டுத் தட்டுவாள். பழக்கதோஷம். உள்ளே யாரும் இல்லை என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் நிற்பாள். அழுகையாக வரும்.

அந்த வாரம் நகராட்சியிலிருந்து ஓர் அக்கா வந்தார். கையில் ஒரு நோட்டு, கக்கத்தில் சுருட்டிய பெரிய படம். தெருவைப் புதுப்பிக்கத் திட்டம் போடுகிறார்களாம். விளக்கு, செடி, நல்ல நடைபாதை எல்லாம் வருமாம். ஆனால் மூன்று நாள் சாயங்காலம் எண்ணிப் பார்ப்பார்களாம். ஆட்கள் இந்தத் தெருவில் கொஞ்ச நேரமாவது நின்று போனால்தான் திட்டம். இல்லையென்றால் கடைகளை இடித்து, கார் நிறுத்தும் இடமாக்கிவிடுவார்களாம்.

"அப்படி ஆச்சுன்னா நாமளும் மூட்டை கட்ட வேண்டியதுதான்," என்றார் அப்பா, ஒரு செருப்பைத் துடைத்தபடி. அதை அவர் ஏற்கெனவே இரண்டு முறை துடைத்திருந்தார்.

லொடலொடாவுக்குப் பகீரென்றது. என்றைக்காவது தோழி வந்து தங்கள் கடையைத் தேடினால்? இங்கே வெறும் கார்கள் அல்லவா நிற்கும்!

முதல் நாள் அவள் அக்காவின் நோட்டை எட்டிப் பார்த்தாள். 'நடந்து போனவர்கள்' பக்கம் முழுக்கக் கோடுகள். பஸ் நிறுத்தத்திலிருந்து ஆஸ்பத்திரிக்கு இந்தத் தெருதான் குறுக்குவழி. 'நின்றவர்கள்' பக்கத்தில் ஒரே ஒரு கோடு. அவர் செருப்பு அறுந்து நின்றவர். அவரும் கடைக்குள் வரவில்லை. ஊக்கைக் குத்திக்கொண்டு நடையைக் கட்டிவிட்டார்.

இரண்டாம் நாள் லொடலொடா தெருவில் நின்று, போகிறவர்களிடமெல்லாம் பேச்சுக் கொடுத்தாள். எல்லாரும் இன்னும் வேகமாக நடந்தார்கள்.

மூன்றாம் நாள் அவள் பேசாமல் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். அவள் பேசாமல் இருந்ததைப் பார்த்து, உடம்புக்கு என்ன என்று டீக்கடைக்காரர் விசாரித்துவிட்டுப் போனார்.

அப்போது இடுப்பில் குழந்தையும் கையில் மருந்துப் பையுமாக ஒரு பெண் வந்தார். பேனாக்கடை ஷட்டரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். லொடலொடாவுக்கு எண்ணிக்கையெல்லாம் மறந்தே போயிற்று. உள்ளே ஓடினாள். செருப்புப் போட்டுப் பார்க்கிற ஸ்டூல் ஒன்றைத் தூக்கி வந்து போட்டாள்.

அந்தப் பெண் "அப்பாடா" என்று உட்கார்ந்தார். டீக்கடைக்காரர் தண்ணீர் கொண்டுவந்தார். பின்னால் வந்த ஒரு பெரியவர் ஸ்டூலையே ஆசையாகப் பார்த்தார். அவருக்கும் ஒன்று வந்தது. அரைமணி நேரத்தில் ஆறு ஸ்டூல்களும் தெருவுக்கு வந்துவிட்டன. ஆறிலும் ஆட்கள். இடம் கிடைக்காதவர்கள் டீயோடு நின்றார்கள். பெரியவர் மட்டும் எழுந்துபோய்ச் செருப்பு விலை கேட்டார்.

அக்கா மளமளவென்று கோடு போட்டார். லொடலொடாவுக்கு உறுத்தியது.

"அக்கா, நான் ஸ்டூல் போட்டதாலதானே இருக்காங்க? இது ஏமாத்துறதா?"

"நீ யாரையும் பிடிச்சு வைக்கலையே. இத்தனை நாளா இவங்களுக்கு உட்கார ஒரு இடம் இல்ல. நான் ஆளை எண்ணினேன், அதைக் கவனிக்கல," என்றார் அக்கா.

இரண்டு வாரம் கழித்துத் திட்டம் முடிவானது. அக்கா புதுப் படத்தைச் செருப்புக்கடை மேஜையில் விரித்தார். தெரு நெடுக பெஞ்சுகள். பேனாக்கடைக்கு முன்னால் ஒரு பெஞ்சில் ஒரு சின்ன உருவம் தனியாக உட்கார்ந்திருந்தது. லொடலொடா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பக்கத்துல இன்னொரு ஆள் போடுங்க அக்கா."

"யாரை?"

"இன்னும் தெரியல. அந்தக் கடைக்கு யாராவது வருவாங்கல்ல?"

அக்கா பென்சிலை அவளிடமே கொடுத்துவிட்டார். அவள் நாக்கைத் துருத்திக்கொண்டு, பார்த்துப் பார்த்து வரைந்தாள். இப்போது பெஞ்சில் இரண்டு பேர். இரண்டு பேருக்குமே வாய் திறந்திருந்தது.