டெல்சி விடை சொல்லும் அறை

மீன்சட்டி அடுப்பில் கடைசியாக ஏறி ஒரு மாதமான வீட்டில் மீன் அழுகும் வாடை அடித்தது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜின்சியின் மூக்கில் அது தட்டிவிட்டது. குளச்சல் கடற்கரையில் பிறந்தவளுக்கு நெத்திலி கெட்ட வாடை வேறு, சாளை கெட்ட வாடை வேறு. இது இரண்டும் இல்லை. மகள் டெல்சிக்கு மெடிக்கல் சீட் கிடைக்கவேண்டும் என்று ததேயுஸ் சார், தபசுகாலம் தொடங்கிய சாம்பல் புதனிலிருந்தே மீனையும் இறைச்சியையும் வீட்டுக்குள் விடவில்லை. கவுன்சலிங் தேதியைக் கர்த்தருக்கே நினைவூட்டி ஜெபிக்கிற மனிதர் அவர்.

சார் என்றால் வாத்தியார் இல்லை. கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வுபெற்றவர். தவளையை அறுத்தவனைவிட அதைப் பிடித்துக் கொடுத்தவனுக்குத்தான் விஞ்ஞானம் தெரியும் என்பது அவர் கட்சி. டெல்சி பிளஸ் டூ உயிரியல் தேர்வை நாளைக்குத்தான் எழுதவேண்டும்; 'டாக்டர் டெல்சி ததேயுஸ், எம்.பி.பி.எஸ்.' என்ற பித்தளைப் பலகை இப்போதே ஹாலில் தொங்கியது.

படிக்கும் முறையும் அவருடைய கண்டுபிடிப்புதான். டெல்சி உள்ளறையில். கதவு வெளியே பூட்டியிருக்கும். தோழிகள் ஹாலில் இருந்து கேள்வி கேட்கவேண்டும், அவள் சொல்லும் விடையை எழுதிக்கொள்ளவேண்டும். "மொகத்தப் பாத்தா கதை வரும். கொரலு போதும்," என்பார். டெல்சியின் அம்மா குவைத்தில் நர்ஸ். எதிர்த்துப் பேச வீட்டில் ஆளில்லை.

ஜின்சிக்கும் வேறு போக்கிடம் இல்லை. ரிவிஷன் தேர்வில் அவள் உயிரியலில் தோற்றிருந்தாள். நாளைக்கும் தோற்றால் இறால் கம்பெனி வேலைக்குக் கூட்டிப்போகும் வேன்தான் என்று அம்மா சொல்லிவிட்டாள். அந்த வேனில் ஏறிய அக்கா அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தைத் தொட்டதில்லை.

"பிந்து, நாறுதுல்லா?" என்று பக்கத்தில் நோட்டோடு உட்கார்ந்திருந்த வகுப்புத் தோழியிடம் கிசுகிசுத்தாள்.

"ஏட்டி, ஒனக்க மூக்கு கடப்புறத்து மூக்கு. சென்ட் அடிச்சாலும் அயலை மீன்னு சொல்லும். கேள்வியக் கேளு."

ஜின்சி ஹீமோஃபிலியாவைக் கேட்டாள். கதவுக்குப் பின்னாலிருந்து விடை வந்தது, பாடநூலில் உள்ளபடியே, ஒரு எழுத்து பிசகாமல்.

"கேட்டியளா?" என்றார் ததேயுஸ், பிளாஸ்டிக் நாற்காலியில் நிமிர்ந்து. "கமா, புள்ளி வரைக்கும் கேக்கும்."

இரண்டு மணிக்கு மின்சாரம் போனது. காற்றாடி முனகி முனகி நின்றபோது, அதுவரை அது மூடி வைத்திருந்த சத்தங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன: ஓட்டின்மேல் காக்கையின் நகம், துறைமுகத்தில் ஏலம் போடுகிறவனின் தேய்ந்த குரல், பிந்துவின் பேனா, சாரின் மூக்கடைப்பு, பூட்டிய கதவின் கீழே எதுவோ ஆயிரம் சின்னக் கால்களோடு ஊரும் சரசரப்பு. டெல்சி டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்க விடை. ஜின்சி பேனாவை நிறுத்திவிட்டுக் காதைக் கொடுத்தாள்.

இரண்டு பக்கத்துக்கும் அவள் ஒருதடவைகூட மூச்சு வாங்கவில்லை.

"டெல்சி, தண்ணி குடிச்சியா மக்கா?"

உள்ளே பேச்சு நின்றது.

"பாடத்துல இல்லாதத கேக்கப்பிடாது," என்றார் ததேயுஸ்.

"டெல்சி, நான் ஜின்சி. கேக்குதா?"

ஜின்சி கதவருகே போய்க் காதை வைத்தாள். அந்தச் சரசரப்புதான் கேட்டது.

"குளோனிங் என்றால் என்ன?" என்று பிந்து கேட்டாள். உடனே விடை வந்தது.

கதவோரம் ஒரு கஞ்சிக் கிண்ணம். மேலே பச்சையாகப் பூஞ்சை.

"சார், அவ சாப்பிடல்லியா?"

"மூளை ஓடும்போ வயிறு கேக்காது பிள்ளே. ஞாயித்துக்கெழமையில இருந்து ஒண்ணும் கேக்கல்ல. அதுக்கு முன்ன ஒருநாள் தட்டுனா, ஒருநாள் அழுதா. பெறவு பாரு, என்ன ஒரு கவனம்!"

ஞாயிறு.

இன்று வியாழன்.

"கதவத் தொறங்க, சார்."

அவர் கோபப்படவில்லை. மகிழ்ந்தார். ஜாடியில் போட்ட ஆய்வக மாதிரியைப் பார்வையாளருக்குக் காட்டும் முகத்தோடு சாவியை எடுத்தார். "பாத்துக்கோ. ஒனக்கும் ஒரு உற்சாகம் வரட்டு."

வாடை முதலில் வந்தது.

டெல்சி மேசைமுன் உட்கார்ந்திருந்தாள். தூங்கி விழாதபடி இடுப்பை நாற்காலியோடு சேர்த்துத் துப்பட்டாவால் கட்டியிருந்தது. முகம் உப்பிக் கறுத்திருந்தது. கண் இருந்த இடங்களில் எறும்பு. வாய் திறந்திருந்தது. நாக்கு அசையவில்லை. அந்த வாய்க்குள்ளிருந்து, தெளிவாக, குளோனிங்கின் பயன்கள் வந்துகொண்டிருந்தன. நான்கு. ஐந்து. ஆறு.

ஜின்சி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இத மாதிரி இரிக்கப் படிக்கணும்," என்றார் ததேயுஸ். "நேரம் போவுது. அடுத்தது."

பிந்து வாயைப் பொத்திக்கொண்டு சுவரில் சாய்ந்தாள். பிறகு மெல்ல நோட்டில் ஒரு பக்கத்தைத் திருப்பினாள்.

"டவுன் சிண்ட்ரோம் கேளுட்டி," என்றாள். "அது கட்டாயம் வரும்."

ஓடலாம். வாசல் திறந்துதான் இருந்தது. அதற்கு வெளியே தெரு. தெருமுனையில் வேன் நிற்கும் இடம். டவுன் சிண்ட்ரோம் பத்து மதிப்பெண். ஜின்சிக்கு அது தெரியாது.

கேட்டாள்.

விடை வந்தது. எப்போது உள்ளே வந்தாள் என்று ஜின்சிக்கே தெரியவில்லை. நோட்டு டெல்சியின் மேசைமேல் இருந்தது. அவள் எழுதினாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு. தலையைத் தூக்காமல். குரோமோசோம்களின் எண்ணிக்கை, நாற்பத்தாறு.

குரல் நின்றது.

மேசைமேல் கிடந்த கை அசைந்தது. ஊதிப்போன சுட்டுவிரல் தாளின்மேல் நகர்ந்து, நாற்பத்தாறின்மேல் வந்து, அழுத்தி நின்றது.

"தப்பு, மக்கா," என்றது டெல்சியின் குரல்.

விரல் விலகியது. நகம் தாளிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது.

ஜின்சி அதை ஊதித் தள்ளிவிட்டு, நாற்பத்தேழு என்று திருத்தினாள்.