இரண்டு வாணலி

“அண்ணா! இங்க வந்து பாருங்க... இந்த வீட்டுல நடக்கிற அநியாயத்தை!”

விடிந்ததும் விடியாததுமாக நாத்தனார் போட்ட கூச்சலில் அவள் கையிலிருந்த கரண்டி நழுவியது. அடுப்பில் இரண்டு வாணலிகள். ஒன்றில், தோட்டத்தில் தானாக முளைத்த பருப்புக்கீரை. இன்னொன்றில், பொடிப்பொடியாக நறுக்கி, புளிப்புக்கு எலுமிச்சை பிழிந்த முட்டைக்கோஸின் பச்சை மேலிலை.

“உங்களுக்குக் கோஸ், அண்ணிக்குக் கீரை! நானும் ஒரு வாரமா பாத்துட்டுதான் இருக்கேன். புருஷன் வாயில போறதைப் பிடுங்கித் தின்ன எப்படி அண்ணி மனசு வந்துச்சு?”

அவள் கணவர் வந்து நின்றார். தண்ணீர் வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அவர் கண்காணிக்க மிஞ்சியவை ஒரு குழாயும் ஒரு மனைவியும். குழாயாவது எப்போதாவது எதிர்த்துச் சீறும். சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்த மனிதரை எழுப்பி நிறுத்தியது, செங்கல் இடுக்கில் முளைத்த இந்தக் களைதான். இரும்புச்சத்து, மீனில் இருக்கும் நல்ல கொழுப்பு என்று எங்கோ படித்தார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் முற்றத்தில் நாற்காலி போட்டுத் தெருவுக்கே உபதேசம். “இதைச் சாப்பிட ஆரம்பிச்சதிலேருந்து என் சிறுநீரகக் கல் வலி போன இடம் தெரியல!” என்னும்போது கைதட்டல் விழும்.

இப்போது அந்த முகம் சிறுத்துப் போயிருந்தது. “நீயாம்மா... நீயா இப்படி?”

அவள் அடுப்பை அணைத்தாள். போன வருடம் அவர் வலியில் சுருண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, இந்தக் கல்லுக்கு இந்த மாதிரிக் கீரையெல்லாம் ஆகவே ஆகாது என்றார் டாக்டர். கேட்டுக்கொள்ள இவருக்கு ஏது நேரம்? ஆஸ்பத்திரிக் குழாய் ஒழுகுவதைப் பற்றி டாக்டருக்கே வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார்! காதில் வாங்கியவள் அவள்தான். சொல்லத்தான் நினைத்தாள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்த அவரைப் பார்த்ததும் மனம் வரவில்லை.

அன்று ஞாயிறு. சற்று நேரத்தில் உபதேசம் கேட்க வந்தவர்களால் முற்றம் நிறைந்துவிட்டது. நாத்தனார் கோஸை ஒதுக்கிவிட்டுக் கீரைக் கிண்ணங்களைத் தானே தூக்கிக்கொண்டு போனாள்.

தெருக்கோடித் தையல்காரர் தயங்கியபடி எழுந்தார். “சார்... எனக்கும் கல் இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க. நான் சாப்பிடலாமா?”

கண்காணிப்பாளர் ஒரு கணம் தடுமாறினார். ஆனால் கைதட்டலுக்குப் பழகிய வாய் சும்மா இருக்குமா?

“இதென்ன கேள்வி? தினம் ரெண்டு கிண்ணம் தள்ளுங்க! இந்தாங்க, சேர்ந்தே சாப்பிடுவோம்.”

உள்ளேயிருந்து ஓடி வந்த மனைவி இரண்டு கிண்ணங்களையும் பிடுங்கினாள்.

“பாத்தீங்களா அண்ணா! நாலு பேர் முன்னாலயே பிடுங்கறாங்க!”

“ஆமா, பிடுங்கறேன்!” அவள் கிண்ணங்களை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். “என்னை என்ன வேணா சொல்லுங்க, கேட்டுக்கறேன். ஆனா தையல்காரரு என்ன பாவம் பண்ணாரு? கீரை நல்லதுதான்... எனக்கு நல்லது, உங்க தங்கச்சிக்கு நல்லது. உங்களுக்கு வந்த கல்லுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னாருங்க! உங்க முகத்தைப் பாத்துதான் சொன்னாரு!”

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

“அப்போ... இத்தனை நாள் எனக்கு வலி வராம இருந்தது?”

“நீங்க தின்னது கோஸுங்க.”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா...”

“சொன்னா மறுபடியும் சுவரைப் பாத்து உக்காந்துடுவீங்களோன்னு...”

நாலு பேர் பார்க்க மனைவியின் விரலைக்கூடத் தொட்டறியாதவர், அவளைத் தோளோடு சேர்த்துக்கொண்டார். நாத்தனார் கிண்ணம் தூக்கிவந்த கைத்துணியிலேயே மூக்கைச் சிந்தினாள். “அண்ணி... நான் ஒரு மடச்சி அண்ணி!”

அவர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “நான் இந்தக் கீரையில ஒரு இலைகூடச் சாப்பிட்டதில்ல. கல் இருக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடாதீங்க. அவ்வளவுதான்.”

வாழ்நாளில் அவர் ஆற்றிய மிகச் சிறிய சொற்பொழிவு அது. ஒரு சொல்கூடப் பொய்யில்லாத முதல் சொற்பொழிவும் அதுதான்.

“அப்போ கோஸை எப்படி சார் செய்யணும்?” என்றார் தையல்காரர்.

கண்காணிப்பாளர் தொண்டையைக் கனைத்தார். விரல்கூட உயர்ந்துவிட்டது. பிறகு என்ன நினைத்தாரோ, விரலை மடக்கிக்கொண்டு தன் நாற்காலியை மனைவி பக்கம் நகர்த்திப் போட்டார்.

“உக்காரும்மா. நீ சொல்லு... நாங்க கேட்டுக்கறோம்.”